போகவும் வரவும் பதினைந்து விநாடி

அத்தியாயம் 14

அப்பா நடுரோட்டில் விழுந்து இன்றோடு ஐந்து நாள்.

வாரா வாரம் கூடவே வருகிறவர்களுக்கு நடந்தது தெரியும். இன்றுதான் வந்து உட்கார்ந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பக்கவாதம் வந்த அம்மா ரோட்டுக்கு அந்தப் பக்கம், முதியோர் பராமரிப்பு இல்லத்தின் இரண்டாம் மாடியில் படுத்திருக்கிறாள். எண்பத்து நான்கு வயது அப்பா ரோட்டுக்கு இந்தப் பக்கம், மகன் வீட்டில். தினமும் பகல் பன்னிரண்டுக்கு நடந்து போய் அவளுக்கு ஊட்டிவிட்டு வருவார். வேறு யார் கைக்கும் அம்மா வாய் திறப்பதில்லை. வெள்ளிக்கிழமை ஊட்டப் போகும் வழியில், பாதி ரோட்டில் இருக்கும்போதே பச்சை போய் சிவப்பு வந்தது. அவசரமாக எட்டு வைத்த அப்பா விழுந்தார். முழங்கை சிராய்ப்போடு போயிற்று.

அன்று மாலையே மகன் ஒரு பூட்டு வாங்கி வந்து வாசல் கேட்டில் மாட்டினான். கைத்தடியை அலமாரி மேல் ஏற்றினான். அப்பாவின் பாதுகாப்புக்காம்.

இப்படிப் பூட்டிவைத்துவிட்டு ராத்திரி நிம்மதியாகத் தூங்கவும் ஒரு மனசு வேண்டும் என்று பெரியவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெரியவள் என்றால் அப்பாவின் மூத்த மகள். வயது ஐம்பத்தெட்டு. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிற வேலை. இந்தப் புதன்கிழமை காலை கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது இல்லத்திலிருந்து நர்ஸ் பேசினாள். அம்மா ஐந்து நாளாகத் தண்ணீரைத் தவிர எதையும் இறக்கவில்லை. இன்றைக்கும் சாப்பிடவில்லை என்றால் நாளை காலை டாக்டர் மூக்கு வழியாகக் குழாய் போட்டுவிடுவார். இந்த வயதில் போட்டால் எடுப்பது கஷ்டம் என்பதையும் நர்ஸ் ஒளிக்காமல் சொன்னாள்.

நேற்று பெரியவள் டாக்சியில் அழைத்துப்போகப் பார்த்தாள். எதிர்வாசலுக்கா என்று மூன்று பேர் சிரித்துவிட்டுப் போனார்கள். நாலாவது ஆள் ஒத்துக்கொண்டான். ஆனால் ரோட்டு நடுவில் இரும்புத் தடுப்பு. வண்டி பாலம் வரை போய்த்தான் திரும்ப வேண்டும். நெரிசலில் ஊர்ந்து போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றேகால். பன்னிரண்டிலிருந்து ஒன்று வரைதான் ஊட்டலாம். கதவைச் சாத்தியிருந்தார்கள். அப்பா அந்தக் கதவைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

கடைக்கு லீவு சொல்லிவிட்டு நேராகத் தம்பி வீட்டுக்குப் போனாள் பெரியவள். தம்பி ஆபீசுக்குக் கிளம்பிப் போயிருந்தான். கழுத்தில் அளவு நாடாவைத் தொங்கவிட்டபடி தம்பி மனைவி வந்து கேட்டைத் திறந்தாள். வீட்டிலேயே துணி தைத்துக் கொடுப்பவள். உள்ளே விட்டதும் மறுபடி பூட்டினாள். பூட்டும்போது பெரியவளின் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை. காலில் வார் வைத்த செருப்பு, மாட்டித் தயாராக. விடிந்ததிலிருந்து இப்படித்தான் இருக்கிறார், ஐந்து நாளாக இதே கதைதான் என்றாள் தம்பி மனைவி.

பெரியவள் குழாய் விஷயத்தைச் சொன்னாள். அப்பாவின் தாடை ஒருமுறை அசைந்தது. எதற்கெடுத்தாலும் வரிந்து கட்டிக்கொண்டு சண்டைக்கு நிற்பவர், தண்ணீர் ஊற்றிய அடுப்பு போல உட்கார்ந்திருந்தார். அவளுக்கு அதுதான் புரியவில்லை.

"ஏம்ப்பா, அவன் பூட்டிட்டுப் போறான், நீங்களும் சும்மா உக்காந்திருக்கீங்க?"

"அவன் வேலையில அவன் சரியாத்தான் இருக்கான்."

"என்ன சரி?"

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எள்ளும் கொள்ளும் வெடிக்கிற முகத்தோடு பெரியவள் ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

தம்பி வேலை பார்ப்பது போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறையில். துணைப் பொறியாளர். ஒரு சுவர் முழுக்கத் திரைகள். ஒவ்வொன்றிலும் ஒரு சந்திப்பு. அப்பாவும் இதே ஆபீசில்தான் முப்பத்திரண்டு வருஷம் சிக்னலுக்கு நேரம் குறித்துக் கொடுத்தார். அங்கே அவருக்கு விநாடியார் என்று பெயர். வாசலில் இருந்த காவலாளிக்கு இன்னும் அந்தப் பெயர் ஞாபகம் இருந்தது. விநாடியார் மகளா என்று கேட்டு உள்ளே விட்டார்.

தம்பி அவளை மூலைக்கு அழைத்துப் போய் மெதுவாகப் பேசச் சொன்னான். அவள் மெதுவாகப் பேச வரவில்லை.

"வீட்டு வாசல் சிக்னல்ல பதினஞ்சு விநாடி குடுக்கறீங்க. அதை முப்பதாக்கு. பட்டனைத் தட்டற வேலைதானே? அதை விட்டுட்டு அப்பாவைப் பூட்டி வெச்சிருக்கே."

அவன் தலையைப் பிடித்துக்கொண்டான். நடக்கிறவர்களுக்கு ஒரு விநாடி கூட்டினால் வண்டிகள் பாலம் வரை நிற்கும். மேலதிகாரி தினமும் காலையில் பார்ப்பது ஒரே ஒரு படம், வண்டிகள் எவ்வளவு நேரம் காத்திருந்தன என்பது. போன மாதம் வண்டிக்காரர்களிடமிருந்து அறுநூற்றுச் சொச்சம் புகார். நடக்கிறவர்களிடமிருந்து நாலு. அதில் இரண்டு, கோட்டுக்குப் பெயின்ட் போய்விட்டது என்று.

"வயசானவங்க ஒருத்தர்கூட புகார் பண்ணலையே அக்கா. நான் எதைக் காட்டி மேல கேக்கறது?"

"எப்படிடா பண்ணுவாங்க? கடக்க முடியாதவங்க வீட்டை விட்டு வெளிய வர்றதே இல்ல. வராதவங்களை உன் கேமரா எப்படிக் காட்டும்?"

அவன் திரைகளின் பக்கம் திரும்பினான். அந்த நேரம் பார்த்து அவர்கள் வீட்டுச் சந்திப்பின் திரையில் பை தூக்கிய ஒரு கிழவி, இல்லத்துப் பக்கத்து ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள். பச்சை வந்தது. கீழே பார்த்தாள், எதிரே பார்த்தாள், இறங்கவில்லை. சிவப்பு வந்தது. அடுத்த பச்சைக்கும் இறங்கவில்லை. பையை மற்ற கைக்கு மாற்றிக்கொண்டு அப்படியே நின்றாள்.

"பாரு. நல்லாப் பாரு. அந்தம்மா உன் படத்துல எந்தக் கட்டத்துல வருவா?"

தம்பிக்கு அதுவரை அடக்கி வைத்திருந்தது பொத்துக்கொண்டது. விடுவிடுவென்று போய் இரும்பு அலமாரியைத் திறந்தான். மக்கிப்போன ஒரு கோப்பை எடுத்து அவள் முன்னால் போட்டான்.

"இந்தப் பதினஞ்சை யார் வெச்சதுன்னு தெரியுமா உனக்கு? படி."

பழுப்பேறிய ஒரு படிவம். சந்திப்பு, ரோட்டின் அகலம், நடந்து பார்த்தவர் என்று கட்டங்கள். நடந்து பார்த்தவர் என்ற இடத்தில் சாய்ந்த, அழகான கையெழுத்தில் அப்பாவின் பெயர். போக என்ற கட்டத்தில் பதினைந்து. வர என்ற கட்டத்தில் மேற்படி. அடியில் குறிப்பு: "விதிப்படி இருபத்திரண்டு விநாடி. நேரில் நடந்து பார்த்ததில் பதினைந்தே போதும். வாகன நெரிசல் குறையும்." அதற்கும் கீழே அந்தக் காலத்து மேலதிகாரி சிவப்பு மையில் நன்று என்று எழுதியிருந்தார்.

தேதி முப்பத்தெட்டு வருஷத்துக்கு முந்தியது. கோப்பில் இருந்த மற்ற முப்பத்தாறு தாள்களிலும் முதல் சந்திப்பில் உள்ளபடியே என்று அதே கையெழுத்து. ஊரின் முப்பத்தேழு சந்திப்பிலும் அப்பாவின் பதினைந்துதான் ஓடிக்கொண்டிருந்தது.

பெரியவள் இரண்டு முறை படித்தாள்.

"மெஷின் மூணு தடவை மாறிடுச்சு. விளக்கு மாறிடுச்சு. ஒவ்வொரு தடவையும் பழைய நம்பரை அப்படியே ஏத்தினாங்க" என்றான் தம்பி. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷமே இதைப் பார்த்துவிட்டானாம். அப்பாவிடம் கேட்க அன்றும் தைரியம் வரவில்லை, இன்றும் வரவில்லை. "நீ எங்கிட்ட வந்து கத்தறே. நான் போய் யார்கிட்டக் கத்தறது?"

அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதற்காகக் கோபம் குறைந்துவிடவில்லை. இருபத்தைந்து வருஷம் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறான். இப்போது பூட்டு வாங்கத் தெரிந்திருக்கிறது.

அலமாரியின் கீழ்த்தட்டில் அதே படிவம் வெற்றாக ஒரு கட்டு இருந்தது. அவள் ஒன்றை உருவினாள். இது இன்னும் செல்லுமா என்று கேட்டாள். விதி இருக்கிறது என்றான் அவன்; யாராவது மறுபடி நடந்து பார்த்து எழுதி, துணைப் பொறியாளர் ஒப்பம் போட்டால் நேரத்தை மாற்றியாக வேண்டும். ஆனால் இப்போது யாரும் நடந்து பார்ப்பதில்லை.

"அப்ப நாங்க நடக்கறோம். பன்னெண்டு மணிக்கு ரோட்டுல இருப்போம். உன் டிவியில பாரு."

அக்கா, அக்கா என்று அவன் பின்னாலேயே வாசல்வரை வந்தான். அவள் சட்டை செய்யவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வெற்றுப் படிவத்தை அப்பாவின் மடியில் வைத்தாள். அதைக் கண்டதுமே அவருக்குப் புரிந்துவிட்டது. நிமிரவில்லை.

"தெரியும்மா" என்றார். "விழுந்து கிடந்தப்ப அதைத்தான் நெனச்சேன். வேற யாரைத் திட்டறது?"

பிறகு அவராகவே சொன்னார். அப்போது அவருக்கு நாற்பத்தாறு. ஆபீசிலேயே வேகமாக நடக்கிறவர் என்று பெயர். ஏழு விநாடி மிச்சம் பிடித்துக் கொடுத்ததற்கு எல்லாரும் கை குலுக்கினார்கள். வயதானவர்களை நினைக்காமல் இல்லை, நினைத்தார். அறுபது தாண்டினாலே அதிசயம், அவர்கள் எங்கே தனியாக ரோட்டுக்கு வரப்போகிறார்கள் என்று விட்டுவிட்டார்.

"எனக்கே எண்பத்து நாலு வரும்னு யார் கண்டா? நான் ஒருத்தன் நடந்ததை வெச்சு ஊருக்கே எழுதிட்டேன்."

காலையிலிருந்து இந்த மனிதருக்காகத்தானே ஊரெல்லாம் சண்டை போட்டுக்கொண்டு வந்தாள். இப்போது அவர்மேலேயே பொங்கிக்கொண்டு வந்தது. பெற்றவர் என்று பார்க்கவில்லை.

"நாளைக்குக் காலையில அம்மா மூக்குல குழாயைச் சொருகப் போறாங்கப்பா. நீங்க எழுதின நம்பரால. அது தெரிஞ்சும் செருப்பை மாட்டிக்கிட்டு ஜன்னல்கிட்ட உக்காந்து தண்டனை அனுபவிக்கிறீங்களா? உங்க தண்டனையை அம்மா எதுக்குப் பட்டினி கிடந்து அனுபவிக்கணும்?"

தையல் மெஷின் சத்தம் நின்றது. அப்பா நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்து நின்றார்.

தம்பி மனைவி ஸ்டூலைப் போட்டு ஏறி அலமாரி மேலிருந்த கைத்தடியை எடுத்தாள். துடைத்து அவர் கையில் கொடுத்தாள். பிறகு வாசலுக்குப் போய்ப் பூட்டைத் திறந்து, அதைச் சாவியோடு குப்பைக் கூடையில் போட்டாள்.

"எனக்கும் ஐம்பது ஆகுது அண்ணி. இந்த வீட்டுல பூட்டுப் போடறது பழகிட்டா, அடுத்து எனக்குத்தான்" என்றாள். மாமாவைக் கையைப் பிடிச்சுக்கிட்டுப் போங்க என்று மட்டும் சேர்த்துச் சொன்னாள்.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம். ஆறு வண்டிகள் பக்கம் பக்கமாகப் போகிற ரோடு. நடுவில் இரும்புத் தடுப்பு. கடக்கிற இடத்தில் மட்டும் ஒரு சந்து, அதிலும் ஓர் ஆள் நின்றால் முதுகில் வண்டி உரசும். ரோட்டின் அந்தப் பக்கம் இல்லத்தின் வாசல் தெரிந்தது. பக்கத்திலேயே இருக்கிறதென்றுதான் அம்மாவை அங்கே சேர்த்தார்கள்.

"போன்ல ஸ்டாப்வாட்ச்சை எடுத்து வெச்சுக்கோ. நான் காலைக் கீழ வைக்கும்போது அழுத்து" என்றார் அப்பா. ஐந்து நாளில் முதல் முறையாக அவர் குரல் பழைய விநாடியாரின் குரலாக இருந்தது.

சிக்னல் விளக்கில் பச்சை மனிதன் எரிந்தான். அப்பா இறங்கினார். அவள் அழுத்தினாள்.

ஓரடி, தடி, ஓரடி. அவளுக்குமே முழங்கால் வலி; அவசரமாகப் போ என்றாலும் அவளால் முடியாது என்பது அப்போதுதான் உறைத்தது. இரண்டாவது வண்டித்தடம் தாண்டுவதற்குள் பச்சை மனிதன் துடிக்க ஆரம்பித்தான். மூன்றாவதில் பாதி. சிவப்பு.

ஹாரன்கள் ஒன்றாக அலறின. ஒரு பைக்காரன் அப்பாவின் தடியை உரசுவது போல வந்து நிறுத்தி, பெருசு, வீட்டுல கிடக்க வேண்டியதுதானே என்றான். பெரியவள் வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது. போன வருஷம் இதே இடத்தில் ஸ்கூட்டரில் உட்கார்ந்துகொண்டு, ஒரு பெரியவரைப் பார்த்து அவளும் ஏறக்குறைய இதையேதான் முணுமுணுத்தாள்.

அப்பா நிற்கவில்லை, அவசரப்படவும் இல்லை. அவள் ஒரு கையை உயர்த்தி வண்டிகளை மறித்தபடி அவரோடு நடந்தாள். எதிர்ப்பக்கத்து வண்டிகளுக்குப் பச்சை விழுந்து இரண்டு கார்கள் முன்னால் பாய்ந்தன. அடுத்த நொடி அந்தப் பச்சை அணைந்தது. நாலு பக்கமும் சிவப்பு. முன்னால் வந்த கார்கள் கோட்டின் மேலேயே நின்றன.

அப்பா தலையை நிமிர்த்தி விளக்கைப் பார்த்தார்.

"உன் தம்பி கையால நிறுத்தியிருக்கான்."

கம்பத்து உச்சியில் கேமரா இருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவாள் என்று பயமாக இருந்தது. ஹாரன்கள் ஓயவில்லை. அப்பா கடைசித் தடத்தைத் தாண்டி, தடியை ஓரத்துக் கல்லில் ஊன்றி, ஒரு காலை ஏற்றி, மறுகாலையும் ஏற்றினார். அவள் அழுத்தினாள்.

"எவ்வளவு?"

"நாற்பத்து நாலு."

அவர் அதை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார்.

இரண்டாம் மாடியில் நர்ஸ் குழைத்த சாப்பாட்டைக் கிண்ணத்தில் வைத்துக் காத்துக்கொண்டிருந்தாள். அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அப்பா கை கழுவிவிட்டு வந்து முதல் கரண்டியை நீட்டினார். அம்மா வாயைத் திறக்கவில்லை. முகத்தையும் திருப்பவில்லை.

"சிக்னல்ல மாட்டிக்கிட்டேன்" என்றார் அப்பா. "அஞ்சு நாளா."

அம்மா மெல்லத் திரும்பினாள். அவளுக்கு இடது கை மட்டும்தான் வேலை செய்யும். அந்தக் கையைத் தூக்கி அப்பாவின் மணிக்கட்டில் பட்டென்று ஓர் அடி அடித்தாள். கரண்டியில் இருந்தது பாதி போர்வையில் கொட்டியது. பிறகு அவரை முறைத்தபடியே வாயைத் திறந்தாள்.

கிண்ணம் காலியாக அரைமணி ஆயிற்று. நர்ஸ் அட்டையில் எழுதிக்கொண்டு, நாளைக்குக் குழாய் வேண்டாம் என்று டாக்டரிடம் சொல்வதாகச் சொன்னாள். ஆனால் நாளைக்கும் இப்படிச் சாப்பிட வேண்டும், அதற்கு மறுநாளும் சாப்பிட வேண்டும் என்றாள். ஐயா தினமும் வருவார்தானே என்று கேட்டாள். பெரியவள் அப்பாவைப் பார்த்தாள்.

அப்பா சாப்பாட்டுப் பலகையைத் துடைத்து, மேலே படிவத்தை விரித்தார். எழுத்து அதே சாய்வில் வந்தது. நடந்து பார்த்தவர் கட்டத்தில் தன் பெயரை எழுதினார். போக கட்டத்தில் நாற்பத்து நான்கு. கொஞ்சம் யோசித்து, படிவத்தில் இல்லாத ஒரு கட்டத்தைத் தானே கோடு போட்டு இழுத்தார். வயது என்று தலைப்பிட்டு எண்பத்து நான்கு என்று நிரப்பினார்.

அப்போது போன் அடித்தது. தம்பி. யாருக்கும் கேட்கக் கூடாது என்பது போன்ற குரல்.

"அம்மா சாப்பிட்டாளா?"

"சாப்பிட்டா."

மூச்சு விடும் சத்தம் கேட்டது. மேலதிகாரி அறைக்குள் வந்துவிட்டார் என்றான். வண்டிகள் பாலத்தையும் தாண்டி நிற்கின்றன, யார் நிறுத்தியது என்று கேட்கிறார். தன்னை நாற்காலியிலிருந்து எழுந்திருக்கச் சொல்லிவிட்டு அங்கே வேறொருவனை உட்கார வைத்திருக்கிறார்.

"திரும்பி வரும்போது என்னால நிறுத்த முடியாது அக்கா. பதினஞ்சுதான். தயவுபண்ணி டாக்சி பிடிச்சுக்கோ."

"நீ ஒப்பம் போடுவியாடா?"

பின்னால் யாரோ உரக்க அதட்டுவது கேட்டது. லைன் அறுந்தது.

பெரியவள் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தாள். பை தூக்கிய அந்தக் கிழவி இன்னும் ஓரத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். தம்பி சொன்னதை அப்பாவிடம் சொல்லிவிட்டு, டாக்சிக்குப் போன் போடட்டுமா என்று கேட்டாள்.

அப்பா குனிந்து செருப்பின் வாரை இறுக்கிக்கொண்டிருந்தார். பலகையில் வர என்ற கட்டம் வெறுமையாக இருந்தது.

"வேண்டாம்மா. போக, வர, ரெண்டையும் நடந்து பாக்கணும்னுதான் விதி. அன்னிக்கு வெயில் ஜாஸ்தி. நான் திரும்பி நடக்கல, ஆபீஸ் ஜீப்புல வந்துட்டு மேற்படின்னு எழுதிட்டேன்" என்றார். "தடியை எடு."